சாம்பல் நிறப் பட்டை

என் மணிக்கட்டில் சாம்பல் நிறப் பட்டையைச் சுற்றி ஒட்டியபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "நல்லதாப் போச்சு, பை பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல" என்று என் வீட்டுக்காரர் சொன்னாரே, அப்போது வந்தது கோபம். வந்தது இன்னும் முழுசாகப் போகவில்லை.

பட்டை விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் இரண்டு வகை டிக்கெட். சிவப்புப் பட்டை கட்டியவர்கள் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். சாம்பல் பட்டை பார்வையாளர்களுக்கு. உள்ளே போகலாம், நிழலில் உட்காரலாம், மற்றவர்கள் மேலே கத்துவதைக் கீழே நின்று கேட்கலாம். எதிலும் ஏறக் கூடாது. முதுகில் ஆபரேஷன் செய்தவர்கள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள், முடியாதவர்கள், இவர்களுக்காக வைத்தது. நாங்கள் எட்டுப் பேர் போனோம். ஏழு சிவப்பு, ஒரு சாம்பல். அந்த ஒன்று யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் அந்தப் பயணத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை திட்டம் போட்டது நான். எனக்கு வேலையே அதுதான். பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறேன். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், ஒரு டிரைவர் திடீரென்று லீவு போட்டால் அந்த வண்டியை யார் எடுப்பது, மழை நாளில் எந்தப் பாதையில் எத்தனை நிமிடம் கூடும், எல்லாம் என் மேஜையிலிருந்துதான் போகும். இருநூற்றுப் பத்து வண்டிகளை ஒன்றோடொன்று முட்டாமல் ஓட வைக்கிறவளுக்கு எட்டுப் பேரை ஒருநாள் சுற்றிக் காட்டுவது ஒரு வேலையா? வீட்டில் என்னை "டைம் கீப்பர்" என்றுதான் கூப்பிடுவார்கள். பாராட்டு மாதிரி இருக்கும், நன்றாகக் கேட்டால் கிண்டல்.

பூங்காவுக்கு என்றே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். கேட்டைத் திறந்ததும் கூட்டம் முழுக்க வலது பக்கம் திரும்பும், ஏனென்றால் அங்கேதான் பொம்மைக் கடையும் நீரூற்றும். நாம் இடது பக்கம் திரும்பி நேராகக் கடைசிக்குப் போய்விட வேண்டும். அங்கே இருக்கிறது "சூறாவளி" என்கிற பெரிய ரோலர் கோஸ்டர். முதல் கால் மணிக்குள் போனால் பதினைந்து நிமிடத்தில் ஏறிவிடலாம். பதினோரு மணிக்குப் போனால் இரண்டு மணி நேரம். தண்ணீர் விளையாட்டெல்லாம் உச்சி வெயிலில். சாப்பாடு பதினொன்றரைக்கு அல்லது இரண்டு மணிக்கு, ஒரு மணிக்குச் சாப்பிடப் போகிறவன் மடையன். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பேன். அத்தனையும் மற்றவர்கள் ஏறுவதற்காக.

ஆம், மற்றவர்கள்தான். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் ஆறு தடவை இப்படிக் குடும்பத்தோடு போயிருக்கிறோம். முதல் தடவை நான் மூன்று மாதம். இரண்டாம் தடவை கைக்குழந்தை. அதற்குப் பிறகு என் மகள் குள்ளமாக இருந்தாள். நூற்று நாற்பது சென்டிமீட்டர் இல்லாதவர்களைச் சூறாவளியில் ஏற்ற மாட்டார்கள். அவளோடு யாராவது கீழே நிற்க வேண்டுமே. யார் நிற்பது என்று ஒரு பேச்சுக்காவது ஒருவரும் கேட்டதில்லை. பகல் பத்து மணிக்கு வெயில் அடிப்பது எப்படி இயல்போ, அப்படி நான் நிற்பதும் இயல்பு.

எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு தடவை, டிப்போ ஆட்களோடு போனபோது ரோலர் கோஸ்டரில் ஏறியிருக்கிறேன். மொத்தம் ஒன்றே முக்கால் நிமிடம். இறங்கும்போது வாய் தானாகச் சிரித்தது. அந்த ஒன்றே முக்கால் நிமிடத்தை வைத்துத்தான் பதின்மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். சமையலறையில் போனைச் சாய்த்து வைத்து, எவனோ ஒருவன் முன் சீட்டில் உட்கார்ந்து எடுத்த சூறாவளி வீடியோவைப் பார்ப்பேன். எந்த இடத்தில் இடதாகச் சாயும், எங்கே தலைகீழாகும், எங்கே படம் எடுக்கும், எல்லாம் மனப்பாடம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே அந்த வளைவுகளுக்கு நானும் சாய்வேன்.

சமையலறைக் கதவு நிலையில் மகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தோம். பிறந்த நாளுக்கு ஒரு கோடு, அரையாண்டு லீவுக்கு ஒரு கோடு. போன மாதம் நூற்று நாற்பதரை. அந்த அரைக்காக நாங்கள் இரண்டு பேரும் குதித்தோம். பன்னிரண்டு வயது. "அம்மா, முதல் தடவை நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல" என்றாள். "சத்தியமா" என்றேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சொன்னேன், இந்தத் தடவை நானும் ஏறுவேன் என்று. என் கொழுந்தன் சிரித்தார்.

"அண்ணி, ஏறுறதுக்கு முன்னாடி உயில் எழுதி வச்சிருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். நாம் சொல்வதைப் பிறர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும்போது நாமும் சேர்ந்து சிரித்தால், அது விளையாட்டாகவே ஆகிவிடும். டிக்கெட்டைத் தன் ஆபீஸ் மூலமாக எடுத்தால் தள்ளுபடி உண்டு என்று கொழுந்தன் சொன்னபோது சரி என்று விட்டேன். திட்டத்தில் நான் செய்யாத ஒரே காரியம் அது.

கேட்டில் வைத்து அவரிடம் கேட்டேன். "எனக்கு ஏன் சாம்பல் பட்டை?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீங்கதான் எப்பவும் ஏற மாட்டீங்களே அண்ணி. அப்புறம் எதுக்கு முழு டிக்கெட்?"

"நான்தான் சொன்னேனே, ஏறுவேன்னு."

"அட, அது ஜோக்குன்னு நினைச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டை போடலாம். இவர்களுக்கு எண்ணமே இல்லை. ஓரகத்தி குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். நாத்தனார் கூலிங் கிளாஸைத் துடைத்தார். பட்டை ஒட்டிய பெண்தான் பாவம், "மாத்திக்கலாம் மேடம், உள்ள ஆபீஸ் இருக்கு, ஆனா அரை மணியாவது ஆகும்" என்றாள். அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்த "நல்லதாப் போச்சு"வைச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"இப்பப் போய் மாத்திட்டு இருந்தா உன் பிளானே கெட்டுடும். முதல்ல சூறாவளிக்கு ஓடுவோம். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

என் திட்டத்தை வைத்தே என் வாயை அடைத்தார். நான் ஏமாந்த சோணகிரி மாதிரி முன்னால் நடந்தேன். வேறு யாருக்கும் வழி தெரியாதே. ஏழு பேரையும் இடது பக்கமாகக் கூட்டிப்போய், பத்து மணி ஏழு நிமிடத்துக்குச் சூறாவளி வரிசையின் வாயில் நிறுத்தினேன்.

அங்கே நடந்ததைக் கேளுங்கள். யாரும் என்னிடம் "இதைப் பிடி" என்றுகூடச் சொல்லவில்லை. வரிசை நகர்வதைப் பார்த்தபடியே கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினார்கள். என் வீட்டுக்காரர் போன், பர்ஸ், கார் சாவி. கொழுந்தன் போன், கண்ணாடி. ஓரகத்தி போன், கொண்டை கிளிப். நாத்தனாரின் போன், கைப்பை, அதற்குள் இன்னொரு பை. கொழுந்தனின் இரட்டைப் பையன்கள் தொப்பிகளைத் தூக்கி எறிந்தார்கள், நான் பிடித்துக்கொண்டேன். சுவரில் அடித்த ஆணியில் சட்டையை மாட்டும்போது யாராவது ஆணியைப் பார்க்கிறார்களா?

கடைசியாக என் மகள். தன் சித்தப்பா பிள்ளைகளோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் போனை நீட்டினாள்.

அதுதான் குத்தியது. மற்ற ஆறு பேர் கிடக்கட்டும். பக்கத்துல பக்கத்துல என்று சத்தியம் வாங்கியவள், கதவு நிலையில் கோடு போட்டபோது என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தவள், அவளும் ஆணியைப் பார்க்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு எட்டிய கையே என்னைத் தெரியாத மாதிரி போனது.

கம்பி வேலி ஓரமாக நின்றேன். தோளில் பை, பையில் என்னுடையதையும் சேர்த்து ஆறு போன், கையில் தொப்பி. மேலே முதல் வண்டி சங்கிலியைப் பிடித்து டக்டக்கென்று ஏறியது. உச்சியில் ஒரு நொடி நின்றது. பிறகு கத்திக்கொண்டே விழுந்தது. எனக்கு அந்த இடத்தில் வயிறு தூக்கும் என்று தெரியும், வீடியோவில் பார்த்தே தூக்கியிருக்கிறது. ஐந்து நிமிடம் நின்றேன். ஆறாவது நிமிடம் நடந்தேன்.

தெரிந்துதான் நடந்தேன். அவர்களுடைய போன் முழுக்க என்னிடம் இருந்ததும் தெரியும், நோட்டுப் புத்தகம் என்னிடம் இருந்ததும் தெரியும். இறங்கி வந்து திருதிரு என்று முழிக்கட்டும் என்றுதான் போனேன். நல்லவள் வேஷம் போட எனக்கு இஷ்டமில்லை.

ஆபீஸில் சரியாக முப்பத்தைந்து நிமிடம் வரிசை. கவுன்ட்டரில் இருந்தவர், "எத்தனை பேருக்கு மாத்தணும்?" என்றார். "ஒரே ஒரு ஆளுக்கு" என்றேன். சின்னக் கத்தரிக்கோலால் சாம்பல் பட்டையை வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டு, சிவப்பை ஒட்டினார். பக்கத்திலேயே லாக்கர். ஆறு போன், கார் சாவி, கைப்பைக்குள் பை, தொப்பி, எல்லாவற்றையும் உள்ளே திணித்துப் பூட்டி, சாவியை மணிக்கட்டில் மாட்டினேன். தோள் ஒரு மாதிரி மேலே எழும்பியது. பதின்மூன்று வருஷத்தில் என் தோளில் ஒன்றுமே தொங்காதது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சூறாவளிக்குப் பின்பக்கமாக "தனியாள் வரிசை" என்று ஒன்று உண்டு. வண்டியில் ஒரு வரிசைக்கு இரண்டு சீட். மூன்று பேர், ஐந்து பேர் என்று ஒற்றைப்படையில் வருகிற குடும்பத்தில் ஒருவருக்குப் பக்கத்துச் சீட் காலியாக இருக்கும். அதில் தனியாக வந்தவர்களை ஏற்றிவிடுவார்கள். அங்கே எட்டே நிமிடம். என் நோட்டில் ஆறு வருஷமாக அது எழுதியிருக்கிறது, ஒருவரும் பயன்படுத்தியதில்லை.

என் பக்கத்தில் ஒரு பருத்த மனிதர். லாரி டிரைவர் என்றார். பாதுகாப்புக் கம்பியைத் தொடையில் அமுக்கிவிட்டு ஊழியர் கட்டை விரலைக் காட்டினார். வண்டி நகர்ந்தது. சங்கிலி இழுக்க ஆரம்பித்ததும் எனக்குள் இருந்ததெல்லாம் டக்டக்கென்று மேலே வந்தது. உச்சிக்கு வந்தபோது வாயைத் திறந்தேன். பயத்தில் கத்தவில்லை. திட்டினேன். "நல்லதாப் போச்சா? நல்லதாப் போச்சா?" என்று கத்திக்கொண்டே விழுந்தேன். இடது வளைவில் கொழுந்தனை, தலைகீழில் நாத்தனாரை, சுருளில் என் வீட்டுக்காரரை மறுபடியும். கடைசி மேட்டில் திட்ட ஆள் இல்லாமல் என்னையே திட்டினேன்.

வண்டி நின்றதும் லாரி டிரைவர் மெல்லத் திரும்பினார். "யாரை மேடம் இந்தத் திட்டு திட்டுனீங்க?"

"எல்லாரையும்."

"நல்லா இருந்துச்சு" என்றார். "எனக்கும் ரெண்டு பேரு இருக்காங்க. அடுத்த தடவை நானும் திட்டுறேன்."

இறங்கும் படிக்கட்டில் நேரே போனால் படக் கடை. வண்டி விழும்போது எடுத்த படங்களைப் பெரிய திரைகளில் காட்டி விற்பார்கள். இறங்கியதும் அங்கே கூடுவது என்று நோட்டில் எழுதியதே நான்தான், போனால் மாட்டிக்கொள்வேன். பாதிப் படியில் திரும்பினால் மறுபடி தனியாள் வரிசைக்குக் குறுக்குவழி. திரும்பினேன். இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

மூன்றாவதுக்குக் காத்திருக்கும்போது ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது. "எங்கிருந்தாலும் தகவல் மையத்துக்கு வரவும். பச்சை நிறச் சட்டை அணிந்திருப்பார். சாம்பல் பட்டை. கையில் பெரிய பை வைத்திருப்பார்."

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். நீலம். காலையில் இரண்டு மணி நேரம் காரில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனிதருக்கு என் சட்டை நிறம் தெரியவில்லை. பை மட்டும் சரியாக ஞாபகம் இருந்திருக்கிறது. அந்தக் கோபத்தில் நாலாவது தடவையும் ஏறினேன்.

பிறகு அந்தப் பாதிப் படியிலேயே வெகு நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒன்றரை மணிக்குத்தான் கீழே வந்தேன். கோபம் தீர்ந்து அல்ல, பசித்தது. லாக்கரைத் திறக்காமல் கம்பி வேலிப் பக்கம் நடந்தேன். அவர்கள் இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வரிசையாக வசனங்களைத் தயார் செய்துகொண்டே போனேன்.

நான் நின்ற அதே இடத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கழுத்தின் இரண்டு பக்கமும் கயிற்றால் முடிந்த ஷூ ஜோடிகள். கையில் பெல்ட், துண்டு, யாருடையதோ சட்டை. முகம் வெயிலில் சிவந்திருந்தது. பக்கத்தில் நிழல் இருந்தது. ஆனால் நிழலில் நின்றால் நான் வருவது தெரியாது என்று வெயிலிலேயே நின்றிருக்கிறாள்.

"நீ ஏன் இங்க நிக்கிற?" என்றேன். "சூறாவளி ஏறலையா?"

"இல்ல."

"ஏன்?"

"ரெண்டு ரெண்டு பேரா உக்காரணும்ல. அப்பாவும் அத்தையும், சித்தப்பாவும் சித்தியும், பசங்க ரெண்டு பேரும். எனக்கு ஜோடி இல்ல. வேற யாரோ பக்கத்துல உக்காரட்டும்னு ஏத்திவிடுற அண்ணா சொன்னாரு. தெரியாதவங்ககூட வேணாம்னு அத்தை சொல்லிட்டாங்க. நீ கீழ அம்மாகூட நில்லுன்னாங்க." துண்டை மறு கைக்கு மாற்றினாள். "வந்து பாத்தா நீ இல்ல."

எட்டுப் பேர் என்றால் நாலு ஜோடி. அதைக் கணக்குப் போட்டதே நான்தான். சாம்பல் பட்டை என்னை மட்டும் கீழே நிறுத்தவில்லை, எனக்கு ஜோடியானவளையும் இறக்கிவிட்டது. அவள் என்னைத் தேடி இறங்கி வந்த நேரத்தில் நான் ஆபீஸ் வரிசையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாரும் இறங்கி வந்தாங்க. அம்மா பாத்ரூம் போயிருப்பா, நீ இங்கயே நில்லு, நாங்க தண்ணி ரைடு போயிட்டு வர்றோம்னு சொல்லி இதெல்லாம் குடுத்தாங்க."

மூன்று மணி நேரம். தண்ணீர் பாட்டில்கூட இல்லை. போன் என்னிடம், லாக்கரில். ஒரு ஆணி சுவரிலிருந்து கழன்றுவிட்டது என்று யாராவது கவலைப்பட்டார்களா? பக்கத்திலேயே இன்னொன்றை அடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. நான் செய்த பெரிய புரட்சிக்கு விலை கொடுத்தது பன்னிரண்டு வயதுக் கழுத்து.

"ஏன்டி, நான் ஏறணும், முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவள் ஷூ கயிற்றைத் தள்ளிவிட்டுக்கொண்டு சொன்னாள். "பரவால்லம்மா. எனக்கு ஒன்னும் அவ்வளவு ஆசை இல்ல."

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். அது என்னுடையது. போன ஆறு தடவையும், அதே குரலில், அதே மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். கடைசி நாலு தடவையும் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று இவள் அதைக் கேட்டிருக்கிறாள். அன்று காலையிலிருந்து எத்தனையோ பேர்மேல் கோபப்பட்டேன். அந்த ஒரு நிமிடம் என்மேல் வந்த கோபத்துக்கு முன்னால் அதெல்லாம் தூசு.

"பொய் சொல்லாத" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ மட்டும்?" என்றாள். பிறகு படக் கடைத் திரையைக் கையால் காட்டினாள். "நாலு தடவை வந்துச்சு உன் படம். முதல்ல நீ இல்லன்னு நினைச்சேன். ரெண்டாவது வந்தப்ப உத்துப் பாத்தேன். நீதான். வாயைத் திறந்துகிட்டு, முடியெல்லாம் பறக்குது. நீ அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல. மைக்ல கூப்பிடச் சொல்லி அவரு போனப்பகூடச் சொல்லல." "சொன்னா உன்னை இறக்கிடுவாங்கல்ல."

கையை நீட்டினேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது.

அந்த நேரத்தில்தான் படை வந்து சேர்ந்தது. சொட்டச் சொட்ட நனைந்து, எல்லோர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூன்று மணி நேரத்தில் இரண்டே ரைடு ஏறியிருக்கிறார்கள். எந்த வரிசை எப்போது காலி என்று சொல்ல நோட்டு இல்லை, மணி பார்க்கப் போன் இல்லை, சாப்பாடு வாங்கப் பர்ஸ் இல்லை.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்றார் என் வீட்டுக்காரர். "ஊரைக் கூட்டித் தேடிட்டு இருக்கோம். ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டோம் தெரியுமா?"

"பயத்துல தண்ணி ரைடு போனீங்களா?"

நாத்தனார்தான் ஆரம்பித்தார். "சின்னப் பொண்ணை இப்படித் தனியா விட்டுட்டு..."

"விட்டது நான் மட்டுமா? இவ கழுத்துல இந்த மாலையை யாரு போட்டது?"

கொழுந்தன், "அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க" என்றார். பார்க்கட்டும். ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் மகள் கழுத்திலிருந்து ஒவ்வொரு ஜோடியாகக் கழற்றினேன். ஷூ அத்தனையையும் என் வீட்டுக்காரர் கழுத்தில் மாட்டினேன். பெல்ட், துண்டு, சட்டை கையில். மணிக்கட்டிலிருந்து லாக்கர் சாவியைக் கழற்றி அவர் விரலில் கோத்துவிட்டேன்.

"ஆபீஸ் பக்கத்துல நாப்பத்தி மூணாம் நம்பர். உங்க பைங்க எல்லாம் அதுல இருக்கு. எடுத்துட்டு வந்து இங்கயே நில்லுங்க."

"நானா? எவ்வளவு நேரம்?"

"நாங்க வர்ற வரைக்கும்."

"என்னோடது சிவப்புப் பட்டைம்மா" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

"நிக்கிறதுக்கு எந்தப் பட்டையா இருந்தா என்ன?" என்றேன்.

சூறாவளியின் பொது வரிசை வாசலில் பலகை தொங்கியது: இங்கிருந்து இரண்டு மணி நேரம். தனியாள் வரிசையில் எட்டு நிமிடம். ஆனால் அதில் போனால் ஆளுக்கொரு வண்டி, பக்கத்தில் உட்கார முடியாது. பதின்மூன்று வருஷமாக ஒருவரையும் அரை மணிக்கு மேல் வரிசையில் நிற்க விடாத டைம் கீப்பர், அந்த இரண்டு மணி நேர வரிசைக்குள் தெரிந்தே நுழைந்தேன். சட்டைப் பையில் இருந்த பணத்தில் மகளுக்குத் தண்ணீர் பாட்டிலும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நான் பேச்சுக் கொடுத்தபோதெல்லாம் வேலிக் கம்பியை எண்ணினாள்.

உயரம் அளக்கும் கட்டையில் போய் நின்றபோது மட்டும் குதிகாலை லேசாகத் தூக்கினாள். "தேவையில்லம்மா, நீ இருக்க" என்று ஊழியர் சிரித்தார்.

முன் வரிசை கிடைத்தது. கம்பியை அமுக்கினார்கள். வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது. கீழே வேலி ஓரத்தில் ஷூ மாலையோடு ஒரு மனிதர் தோளில் பையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவள் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் வெளுத்திருந்தது.

"பயமா இருக்கா?"

"இல்ல. கோவமா இருக்கு."

"கத்திடு. மேல போனதும் என்ன வேணாலும் கத்தலாம். யாரை வேணாலும் திட்டலாம். யாருக்கும் கேக்காது."

"அப்பாவையும்?"

"அப்பாவையும்."

"உன்னையும்?"

சங்கிலி டக்டக்கென்று இழுத்தது. உச்சிக்கு இன்னும் நாலைந்து சங்கிலிப் பல்தான் இருந்தது.

"என்னையும்" என்றேன்.

வண்டி உச்சியில் அந்த ஒரு நொடி நின்றது. அவள் மூச்சை இழுத்தாள். பிறகு விழுந்தோம். என் மகள் வாயைத் திறந்து, முதல் வளைவிலிருந்து கடைசி மேடு வரை, மூன்று மணி நேரம் வெயிலில் நின்று சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கத்தினாள். அவள் அப்பாவைப் பற்றி ஒன்றுமே இல்லை. காற்று காதை அறைந்தது, சக்கரம் இரைந்தது, பின்னால் இருபது பேர் அலறினார்கள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.